பாயிண்ட் கொடுத்துப் பகையைச் சம்பாதிக்கும் கடைகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு சூப்பர் மார்க்கெட், பெயர் வேண்டாம். அங்கே இரண்டு வருடம் மளிகை வாங்கி அம்மா சேர்த்து வைத்திருந்தது 1,840 பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு ஒரு ரூபாய். தீபாவளிக்குக் குக்கர் வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்று தொடாமலே வைத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மார்ச்சோட எக்ஸ்பயரி ஆயிடுச்சும்மா, மெசேஜ் வந்திருக்குமே" என்றாள். வந்திருக்கும்தான். தினம் மூன்று ஆஃபர் மெசேஜ் அனுப்பும் கடையிலிருந்து நாலாவதாக வருவதை யார் படிப்பார்கள்? அம்மா சண்டை போடவில்லை. குக்கரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை, தெருவில் இன்னும் நாலு வீட்டையும் போக விடவில்லை.

அந்தப் பாயிண்ட் கார்டே இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அங்கேதான் வாங்கிக்கொண்டிருப்பார்.

பாயிண்டைத் தானமாகக் கொடுப்பதாகக் கடைக்காரர் நினைக்கிறார். வாங்குகிறவர் கணக்கில் அது கடை தரவேண்டிய பாக்கி. விமான நிறுவனங்களே பயணிகள் சேர்த்த மைல்களை (அவர்கள் பாயிண்டுக்கு அதுதான் பெயர்) தங்கள் கணக்கில் கடன் பக்கம்தான் எழுதுகின்றன. பாக்கியை ஒருதலையாக ரத்து செய்தால் கோபம் வராதா?

கனடாவில் ஏர் மைல்ஸ் என்று ஒரு பெரிய பாயிண்ட் திட்டம். ஐந்து வருடத்துக்கு மேல் பழசான மைல்கள் 2016 டிசம்பர் 31 முதல் காலாவதியாகும் என்று 2011-லேயே அறிவித்திருந்தார்கள். கெடு நெருங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிக்க, நினைத்த பொருள் கிடைக்கவில்லை என்று ஒரே புகார். ஒன்டாரியோ மாகாணம் சட்டம் கொண்டுவரக் கிளம்பியதும், கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு நிறுவனம் பின்வாங்கியது. அவசர அவசரமாக வேண்டாத பொருளை வாங்கித் தீர்த்தவர்களுக்கு அதுவும் எரிச்சல். ஐந்து வருடம் முன்பே சொல்லியும் இந்தக் கதி!

விதியை நடுவில் மாற்றுவதும் இதே ரகம்தான். 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம், சலுகைத் தகுதிக்கான செலவு வரம்பை ஏற்றி, விமான நிலைய ஓய்வுக்கூட நுழைவையும் குறைப்பதாக அறிவித்தது. பழைய பயணிகள் கொதித்ததும், அளவு மீறிவிட்டோம் என்று அதன் தலைவர் ஒப்புக்கொண்டார், அடுத்த மாதமே சிலவற்றைத் தளர்த்தினார்கள்.

நம் ஊர்த் தவறுகள் இன்னும் சில்லறையானவை, அதனால்தான் அதிகம் உறுத்தும். காட்பாடி கிளையில் சேர்த்த பாயிண்ட் லாங்கு பஜார் கிளையில் செல்லாது. பத்து பிரியாணிக்கு ஒன்று இலவசம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிடையாது (பிரியாணி வேறு எந்தக் கிழமை வாங்குவார்களாம்?). புதிதாக வருபவருக்கு 200 ரூபாய் தள்ளுபடி, பத்து வருடமாக வருபவருக்கு ஒரு காலண்டர்.

அப்புறம் இந்த மொபைல் நம்பர் தொல்லை. சிஎம்சி மருத்துவமனை எதிரே, கொல்கத்தாவிலிருந்து நோயாளியோடு வந்த ஒருவர் ஒரே ஒரு அட்டை மாத்திரைக்கு நிற்கிறார். நம்பர் சொன்னால்தான் பில் போடுவேன், பாயிண்ட் ஏறும் என்கிறார் கடைப் பையன். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறவருக்கு வேலூர் பாயிண்ட் எதற்கு? நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லிவிட்டது.

காலாவதி வைத்தே ஆகவேண்டுமா, சரி, வையுங்கள். ஆனால் எத்தனை பாயிண்ட், எந்தத் தேதிவரை என்பது ஒவ்வொரு பில்லின் அடியிலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்கட்டும். கெடு நெருங்கும்போது "இப்பவே கழிச்சிடட்டுமாம்மா?" என்று கவுண்டரில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்கட்டும். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். எங்கள் தெருமுனை பாய் கடையில் கார்டே கிடையாது. கேட்காமலே ஒரு கொத்து கறிவேப்பிலை பைக்குள் விழும், அம்மா இப்போது அங்கேதான்.

பழைய கடையிலிருந்து போன வாரம் மெசேஜ் வந்தது: "உங்களை மிஸ் பண்றோம், 50 போனஸ் பாயிண்ட்!" இதை எப்படி பிளாக் பண்ணுவது என்று அம்மா என்னிடம் போனை நீட்டினார்.