சைக்ளோகுரோஸ்: மலைநாட்டு ஓட்டக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராதல்ல குறுக்குப் பாதையை நிற்காமல் ஏறி முடிக்கிற ஒருவர் தன் முதல் சைக்ளோகுரோஸ் ஓட்டத்தில் கடைசி வரிசையில் வந்து சேர்வது அதிசயமில்லை. ஏற்றத்தில் பிடித்த பத்து வினாடியை ஒரு வழுக்கல் வளைவிலும் இரண்டு பலகைத் தடையிலும் சுற்றுக்குச் சுற்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வீதி ஓட்டத்தில் ஊறிப்போன பழக்கங்களை அப்படியே சேற்றுக்குள் கொண்டு வருவதுதான் பெரும்பாலும் காரணம்.

இந்தச் சைக்கிள் ஓட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு: இரண்டரை முதல் மூன்றரை கிலோமீற்றர் சுற்று, அதில் புல், சேறு, மணல், படிக்கட்டு எல்லாம் கலந்திருக்கும். சர்வதேச விதிப்படி பலகைத் தடையின் உயரம் கூடியது 40 சென்ரிமீற்றர், இரண்டு பலகைகளுக்கு நடுவே 4 மீற்றர், டயர் அகலம் 33 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. ஆண்கள் எலீட் பிரிவு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஓடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 30, 40 நிமிடம் தாராளம். ஐரோப்பாவில் சீசன் செப்டெம்பரில் தொடங்கி பெப்ரவரி வரை. நம் பக்கத்தில் நண்பர்கள் சேர்ந்து ஒரு சுற்று அமைக்க அதிகம் தேட வேண்டியதில்லை. தோட்டத்து விளையாட்டு மைதானம், அதை ஒட்டிய யூக்கலிப்டஸ் காடு, கப்பி ரோட்டில் ஒரு துண்டு, லயத்துக்கு ஏறும் கல் படி இருந்தால் போதும்.

காற்றை அதிகமாக அடிப்பது

எல்லாத் தவறுகளிலும் அதிக நேரத்தைத் தின்பது இதுதான், திருத்துவதற்குக் காசே செலவில்லாததும் இதுதான். பெற்றோல் ஷெட்டில் ‘நல்லா அடிங்க’ என்று சொல்லி, கல்லாகிவிட்ட டயரோடு வருகிறவர்கள் நிறையப் பேர். 60 பிஎஸ்ஐ அடித்த டயர் தார் ரோட்டில் வேகமாக ஓடும். ஈரப் புல்லில் அதன் தரையைத் தொடுகிற பகுதி மிகச் சிறியது, பிடிக்காது. வேர், கல் எதில் மோதினாலும் துள்ளும், துள்ளுகிற சக்கரத்தைப் பிரேக்கால் நிறுத்தவும் முடியாது.

60 முதல் 70 கிலோ எடையுள்ளவருக்கு, 33 மில்லிமீற்றர் டயரில், டியூப்லெஸ் என்றால் 24 முதல் 28 பிஎஸ்ஐ. டியூப் போட்டிருந்தால் 32 முதல் 36. முன் சக்கரத்துக்கு ஒன்று இரண்டு குறைவு. மவுண்டன் பைக்கின் இரண்டு அங்குல டயருக்கு டியூபுடன் 25, 28 போதும். இவை தொடக்கப் புள்ளிகள்தான். சரியான அளவைச் சுற்றுக்குள்ளேயே கண்டுபிடிக்க வேண்டும்: டியூப்லெஸ்ஸில் 30இல் தொடங்கி, சுற்றின் மோசமான கல் பகுதியில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பிஎஸ்ஐயாக இறக்குங்கள். ரிம் கல்லில் ‘டக்’ என்று இடிக்கிற சத்தம் ஒரு சுற்றில் ஓரிரு முறை கேட்கத் தொடங்கும். அந்த இடத்தில் நிறுத்தி ஒன்றோ இரண்டோ திரும்ப ஏற்றுங்கள். டியூப் போட்டவர்கள் அந்தச் சத்தம் கேட்கும் வரை போகக் கூடாது. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கினால் அருகருகே இரண்டு கீறல் விழும், அதோடு ஓட்டம் முடிந்தது.

கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள். 160 வரை அளக்கும் நில பம்ப்பின் மீற்றர் 30க்குக் கீழே சரியாகக் காட்டுவது அரிது. 60 வரை மட்டும் அளக்கும் சிறிய அளவி ஒன்று வாங்கி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: மேலே ஏறினால் டயரில் காற்று கூடுமா? நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். வெளிக் காற்றழுத்தம் குறைவதால் அளவியில் 3 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறும். ஆனால் 30 பாகையிலிருந்து 15 பாகைக்கு வந்த குளிர் அதில் 2ஐ இறக்கிவிடும். மிச்சம் ஒன்றுதான். பயம் வேண்டாம், ஆனால் வீட்டில் அடித்ததை நம்பாமல் தொடக்கக் கோட்டில் ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.

இருக்கிற சைக்கிளை விட்டுவிட்டு இல்லாததைத் தேடுவது

முதல் சீசனுக்குத் தனி சைக்ளோகுரோஸ் சைக்கிள் தேவையே இல்லை. மவுண்டன் பைக்கோ, அகலமான டயர் ஏற்கும் ஹைபிரிட் சைக்கிளோ போதும். பார்க்க வேண்டியது ஒன்று: டயருக்கும் ஃபோர்க்குக்கும், டயருக்கும் பின் சட்டத்துக்கும் நடுவே இரு பக்கமும் குறைந்தது 6 மில்லிமீற்றர் இடைவெளி. அது இல்லாவிட்டால் நம் செம்மண் இரண்டாவது சுற்றிலேயே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மட்காட், ஸ்டாண்ட், கேரியர், போத்தல் கூடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். போத்தல் கூட்டைக் கழற்றச் சொன்னால் பலருக்கு மனசு வராது. சைக்கிளைத் தோளில் போடும்போது கை நுழைய வேண்டிய இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. நாற்பது நிமிட ஓட்டத்தில் தண்ணீர் குடிக்கக் கை ஒழியாது, தொடங்க முன்பே குடித்துவிடுங்கள்.

முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ளவர்கள் நடுவில் உள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள். சேற்றில் முன் கியரை மாற்றப் போனால் செயின் கழன்றுவிடும்.

இறங்குவதைத் தடை வந்த பிறகு யோசிப்பது

பலகைத் தடைக்கு ஒரு மீற்றர் முன்பு பிரேக் பிடித்து, நின்று, காலைத் தூக்கி இறங்குகிறவர் ஒவ்வொரு தடவையும் நாலைந்து வினாடி இழக்கிறார். எட்டுச் சுற்றில் இரண்டு தடை என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல். இறங்குவது ஓடிக்கொண்டே நடக்க வேண்டும்:

1. தடைக்கு 10 மீற்றர் முன்பே, தடை தாண்டியதும் மிதிக்கப்போகிற கியருக்கு மாற்றுங்கள். பிறகு மாற்ற நேரமிருக்காது.
2. வலது காலைப் பெடலிலிருந்து எடுத்து, சீட்டுக்குப் பின்னால் சுழற்றி இடது பக்கம் கொண்டு வாருங்கள். செயின் இல்லாத பக்கம் எப்போதும் இடதுதான்.
3. இடது காலின் மேல் நின்றபடி உருளும்போது, வலது கை மேற்குழாயைப் பிடிக்க வேண்டும். இடது கை பிரேக்கில்.
4. காலணியைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் என்றால் இடது குதிகாலை முன்கூட்டியே திருகிக் கழற்றி வைத்திருங்கள். உடம்பு பாரம் முழுதும் இறங்கிய பிறகு அது கழன்று வராது.
5. வலது கால் முதலில் தரையில், அடுத்து இடது கால், ஓட்டம்.

வலது காலை சட்டத்துக்கும் இடது காலுக்கும் நடுவே விட்டு இறங்கும் முறையைக் காணொளிகளில் பார்த்துவிட்டு முதல் நாளே முயல்வது ஆபத்து. இடது கால் பெடலில் மாட்டிக்கொண்டால் பலகை மேல் முகம் குப்புற விழ வேண்டியதுதான். இடது காலுக்குப் பின்னால் காலை வைத்து இறங்குவது அரை வினாடி மெதுவாக இருந்தாலும் பத்திரம்.

தாழ்ந்த பலகை என்றால் மேற்குழாயைப் பிடித்துத் தூக்கினால் போதும். கல் படி, நீண்ட ஏற்றம் என்றால் தோளில் போடுங்கள்: வலது கையைக் கீழ்க்குழாய்க்கு அடியால் விட்டு, ஹேண்டிலின் இடது முனையைப் பிடித்து, மேற்குழாயை வலது தோளில் இருத்த வேண்டும். முன் சக்கரம் ஆடாமலிருக்க அந்தப் பிடிதான் உதவும். கை ஹேண்டிலுக்குப் போகாமல் சும்மா தொங்கினால் முன் சக்கரம் திரும்பி முழங்காலில் இடிக்கும். தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதைகளில் இருக்கும் கானைத் தாண்டவும் இதே பிடிதான். கானுக்குள் முன் சக்கரத்தை விட்டு ‘ஓட்டிப் பார்க்கலாம்’ என்கிறவர்கள் ரிம்மோடு வீடு திரும்புவதில்லை.

திரும்ப ஏறும்போது சீட் மேல் குதிக்காதீர்கள். இடது காலால் உந்தி, வலது தொடையின் உள்பக்கம் சீட்டில் முதலில் படும்படி வழுக்கி உட்காருங்கள். ஏற முன்பு இரண்டு மூன்று சிறிய தத்தல் போடுவது எல்லாருக்கும் வருகிற பழக்கம். சைக்கிள் அதற்குள் நின்றேவிடும். இதை மைதானத்தில், புல் மேல், மெதுவாக நடந்துகொண்டே பழகுங்கள். வாரத்தில் அரை மணித்தியாலம் என்று ஒரு மாதம் பழகினால் கை கால் தானாகச் செய்யும்.

சேற்றை ஒரே வகை என்று நினைப்பது

தண்ணீராய் ஓடுகிற சேறு தொல்லை குறைவு. சக்கரம் சுற்றும்போது தெறித்துப் போய்விடும். மழை விட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு, பாதி காய்ந்த செம்மண்தான் எதிரி. களிமண் டயரில் அப்பி, அதன் மேல் புல்லும் இலையும் ஒட்டி, பிரேக்குக்கு அடியில் அடைத்து, சைக்கிள் பாரம் கிலோக்கணக்கில் கூடும். அப்படிப்பட்ட ஐம்பது மீற்றரை மிதித்துத் தாண்டுவதைவிட, சைக்கிளைத் தோளில் போட்டு ஓரத்துப் புல்லில் ஓடுவது பல நேரம் வேகம். மிதிக்க முடிகிறது என்பதற்காக மிதிக்காதீர்கள்.

மலைநாட்டுக்கே உரிய ஒரு தொல்லை கவ்வாத்து. கவ்வாத்து வெட்டிய மலையை ஒட்டிய பாதையில் தேயிலைக் குச்சிகள் கிடக்கும். விரல் தடிப்பிலான ஒரு குச்சி சக்கரக் கம்பிக்கும், பின் கியரை மாற்றும் டிரெயிலியருக்கும் நடுவே போனால், டிரெயிலியரைத் தாங்குகிற ஹேங்கர் முறிந்துவிடும். அது ஒவ்வொரு சைக்கிளுக்கும் வெவ்வேறு வடிவம், அடுத்தவரிடம் இரவல் வாங்க முடியாது. சொந்தமாக ஒன்று பையில் இருக்கட்டும். குச்சி சிக்கிய சத்தம் கேட்டதும் மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். அழுத்தி மிதித்து ‘போய்விடும்’ என்று பார்ப்பதால்தான் அது முறிகிறது.

கிளிப் பெடல் காலணியில் சேறு அடைத்தால் பூட்டாது. தொடங்க முன்பு அடிப்பாகத்திலும் பெடலிலும் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவினால் சேறு ஒட்டுவது குறையும். எண்ணெய் கையை அப்படியே பிரேக் டிஸ்க் மேல் வைத்துவிடாதீர்கள், பிரேக் போய்விடும். அட்டை ஏறினால் ஏறட்டும், ஓடி முடித்த பிறகு பார்க்கலாம்.

பிரேக்கைப் பிடித்தபடியே வளைவுக்குள் போவது

பிரேக்கை வளைவுக்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கும்போதே பிடித்து முடியுங்கள். வளைவுக்குள் விரலை எடுத்துவிடுங்கள். ஈரப் புல்லில் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கண் வளைவின் முடிவில் இருக்க வேண்டும். காலடியில் உள்ள வேரைப் பார்த்தால் நேராக அந்த வேர் மேல்தான் போவீர்கள்.

முதல் சுற்றில் எல்லாவற்றையும் கொட்டுவது

தொடக்கம் வேகமாக இருக்கத்தான் வேண்டும். முதல் ஒடுக்கமான திருப்பத்தில் பின்னால் மாட்டினால் முன்னே உள்ளவர் விழும்போதெல்லாம் நீங்களும் நிற்க வேண்டிவரும். அதனால் குளிர்ந்த உடம்போடு கோட்டில் நிற்காதீர்கள்: இருபது நிமிடம் மிதித்து, நடுவில் மூன்று நான்கு தடவை முழு வேகம். ஆனால் அந்த வேகம் ஒரு நிமிடத்துக்குத்தான். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்கு. கரையோரத்திலிருந்து வந்து முதல் சுற்று முழுவதும் தம் கட்டுகிறவர் மூன்றாம் சுற்றில் நடந்து போவார். இரண்டாம் சுற்றிலிருந்து எல்லாச் சுற்றும் ஒரே நேரத்தில் முடிவதுதான் நல்ல ஓட்டம்.

மலையில் வளர்ந்தவர்களின் தவறு வேறு. நீண்ட ஏற்றத்தை ஒரே சீராக ஏறுவதே அவர்களுக்குப் பயிற்சி. இந்த ஓட்டம் கேட்பது பத்து, இருபது வினாடி வெடிப்புகளை. வாரத்தில் ஒரு நாள் 30 வினாடி முழு வேகம், 30 வினாடி இளைப்பாறல் என்று எட்டுத் தடவை, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி எட்டு. காலால் ஓடும் பயிற்சியை வாரம் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஓடிப் பழகாத கெண்டைக்கால் எடுத்த எடுப்பில் படி ஏறினால் தசை பிடித்துக்கொள்ளும்.

மழைக் கணக்குப் பார்க்காமல் நாள் குறிப்பது

ஹட்டன், தலவாக்கலை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் இரு பக்கமும் பின்னேரம் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்குக் காய்ந்த சுற்றைப் பார்த்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு ஓடினால் பார்த்தது எதுவும் இருக்காது, டயர் காற்று உட்பட எல்லாம் மாற வேண்டும். பதினொரு மணிக்குள் முடிகிற மாதிரி வைப்பதே புத்தி. மின்னல் இருந்தால் உயரமான மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள்.

தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கொழுந்து எடுக்கிற நாளில் மலைப் பாதையை மறிக்காதீர்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கோடு போடவே கூடாது, வேரும் மண்ணும் கெடும்.

கழுவுவதில் காட்டும் அவசரம்

வாகனம் கழுவும் அழுத்தத் தண்ணீர்க் குழாயை ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து ஆகிய இடங்களில் நேராக அடித்தால் கிரீஸ் வெளியே போய்த் தண்ணீர் உள்ளே நிற்கும். ஒரு மாதத்தில் பேரிங் கரகரக்கும். வாளித் தண்ணீரும் பழைய துணியும் தூரிகையும் போதும். பீலியில் கழுவுகிறவர்கள் தண்ணீர் பிடிக்கிற இடத்திலிருந்து கீழே தள்ளி நின்று கழுவுங்கள், செயின் துடைத்த மண்ணெண்ணெய் அந்தத் தண்ணீரில் கலக்கக் கூடாது. சீட் தண்டைக் கழற்றிச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் வடியும். செயினைத் துடைத்து, முழுதும் காய்ந்த பிறகே எண்ணெய் விடுங்கள்.

அன்றைக்கே பிரேக்கையும் பாருங்கள். மணல் கலந்த ஈரத்தில் ரெசின் பேட் ஒரே ஓட்டத்தில் தேய்ந்து முடிவதுண்டு. சின்டர்ட் எனப்படும் உலோகப் பேட் சத்தம் போட்டாலும் நீண்ட நாள் வரும், ஆனால் அதை ஏற்காத டிஸ்க்குகளும் உண்டு, டிஸ்க்கில் எழுதியிருக்கும். பேட் ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். வடிவம் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும் என்பதால், கடைக்குப் போகும்போது பழைய பேட்டைக் கையோடு கொண்டு போங்கள்.