ஃபிளெக்ஸ்பிளேட்டில் வேறு டார்க் கன்வெர்ட்டர் பொருத்தும்போது பார்க்க வேண்டிய இடைவெளி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்றாம், இரண்டாம் கியரிலேயே கடக்க வேண்டியிருப்பதால், ஆட்டோமேட்டிக் வண்டியின் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பெரும்பாலும் லாக் ஆகாமல், அதாவது எஞ்சினோடு நேரடியாகப் பூட்டிக்கொள்ளாமல், வழுக்கிக்கொண்டே சுழன்று ஆயிலைச் சூடாக்குகிறது. அப்படிக் கெட்டுப்போன கன்வெர்ட்டருக்குப் பதிலாக, கம்பெனி உதிரிபாகம் அல்லாத வேறொன்றை மாட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாங்கும்போது ஸ்டால் வேகத்தைக் கேட்டு வாங்குவோம்; கியரில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தினால் எஞ்சின் எட்டும் உச்சச் சுற்று (நிமிடத்துக்கு) அது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினின் முறுக்குவிசையும் கிட்டத்தட்ட அதே அளவு குறைவதால், சமவெளியில் 2,400 சுற்றில் ஸ்டால் ஆவது இங்கே 2,150 அளவிலேயே நின்றுவிடும். அது பழுதல்ல. இதை ஈடுகட்ட ஸ்டால் வேகம் கூடுதலான கன்வெர்ட்டரை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மலையேற்றத்தில் வழுக்கலும் சூடும் கூடுவதுதான் மிச்சம்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டின் குழியில் உட்காரும் மூக்கின் விட்டம், கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்புக்குள் போகும் கழுத்தின் விட்டம், உள்பற்களின் எண்ணிக்கை, போல்ட் துளைகளின் அமைப்பு, மரையின் அளவு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபிளெக்ஸ்பிளேட்டை (கிராங்கோடு கன்வெர்ட்டரைப் பிணைக்கும் மெல்லிய தகட்டை)த் துடைத்துவிட்டு, துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் அவசியம். விரிசல் இருந்தால் மாற்றிவிட வேண்டும். ஆயில் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவாமல் விட்டால், பழைய இரும்புத்தூள் புதிய கன்வெர்ட்டருக்குள் போய்ச் சேரும்.

கன்வெர்ட்டருக்குள் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை (ATF), அந்த வண்டிக்கு உரிய வகையையே, ஊற்றிக் கழுத்துக்கும் ஆயில் தடவி, கியர்பாக்ஸின் ஷாஃப்டில் ஏற்றி, உள்நோக்கி லேசாகத் தள்ளியபடி இருபுறமும் திருப்புங்கள். டர்பைன் பற்கள், ஸ்டேட்டர் பற்கள், பம்ப்பின் காதுகள் என மூன்று இடங்களில் அது பொருந்த வேண்டியிருப்பதால், பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் 'டக்' என்று மூன்று முறை உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். இரண்டு முறை இறங்கியதும் போதுமென்று விடுபவர்கள்தான் பம்ப்பை உடைக்கிறார்கள். நானும் ஒருமுறை, மூடுபனி இறங்கும் முன் வேலையை முடிக்கும் அவசரத்தில், பெல் ஹவுசிங்குக்கும் (கன்வெர்ட்டரைச் சுற்றி மூடும் கியர்பாக்ஸின் முன்கூடு) எஞ்சினுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை முறுக்கி இழுத்தேன். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் கியர் விரிசல் விட்டு, வேலையை முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

ஆகவே பெல் ஹவுசிங் கையால் தள்ளும்போதே எஞ்சினோடு ஒட்டி உட்கார வேண்டும். தூக்கும்போது கன்வெர்ட்டர் முன்னே நழுவாதபடி கம்பியால் கட்டி வைத்து, சேர்ப்பதற்கு முன் அவிழ்த்துவிடுங்கள். ஹவுசிங் போல்ட்டுகளை முறுக்கிய பின் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். அதைப் பின்னே முழுதும் தள்ளி, அதில் போல்ட் ஏறும் பட்டைக்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். தயாரித்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. இடைவெளியே இல்லையென்றால் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கூடுதலாக இருந்தால், எல்லாப் போல்ட்டுக்கும் ஒரே தடிப்புள்ள கெட்டி வாஷர் வைத்துச் சரிசெய்யலாம்.

கன்வெர்ட்டரை ஃபிளெக்ஸ்பிளேட்டோடு பிணைக்கும் போல்ட்டின் நீளத்தில் கவனம் தேவை. நீளமானது கன்வெர்ட்டரின் முகத்தை வெளியிலிருந்து குத்தி உள்நோக்கிப் பிதுக்கி, லாக்கப் கிளட்ச் உரசும் பரப்பைக் கெடுத்துவிடும். மரைக்கு லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) இட்டு, எல்லாவற்றையும் முதலில் கையால் ஏற்றிய பின், கிராங்கைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக டார்க் ரெஞ்ச்சால் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பிறகு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஆயில் அளவை, எஞ்சின் ஓடிச் சூடேறிய பிறகே கையேட்டில் சொன்னபடி பாருங்கள். ஜனவரி உறைபனிக் காலையில் ஸ்டிக்கை நீட்டினால் ஆயில் குறைவாகவே காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால் சூடானதும் ஆயில் நுரைத்துப் பொங்கிவிடும்.