மூக்கோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

மெல்பர்னில் அக்டோபர் பிறந்தால் என் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். புல் மகரந்த ஒவ்வாமை. வருஷம் முடிகிறவரை கண் அரிப்பு, அடுக்குத் தும்மல், தொண்டைக்குள் ஒரு நமைச்சல். 2016 நவம்பர் 21 அன்று இடிமழையோடு ரைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம் சிதறிப் பரவி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தே போனார்கள் அல்லவா, அந்த ஊர்க்காரன் நான். அதனால் அப்பாவின் வாரிசுச் சான்றிதழ் வேலையாக டிசம்பர் கடைசியில் சென்னைக்குக் கிளம்பியபோது, நான்கு வாரம் மூக்குக்கு விடுமுறை என்றுதான் நினைத்தேன்.

சென்னையில் ரைகிராஸ் தொல்லை இல்லை. மற்றது எல்லாம் இருக்கிறது. இந்த ஒவ்வாமையை இயற்கை வழியில் சமாளிப்பது பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில், பூட்டிக் கிடந்த வீடு. அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வில்லிவாக்கத்து வீட்டின் சாவி இரண்டு தெரு தள்ளி அத்தையிடம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை அடிக்கும். அந்த ஈரம் சுவரில் ஓதமாக ஏறி, நான் கதவைத் திறந்தபோது பீரோவின் பின்பக்கம் முழுக்கக் கரும்பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. அந்த வாசனையை 'வீட்டு வாசனை' என்று நினைத்து ஆழமாக இழுத்தேன். பூசண வித்துக்கள் அப்படியே உள்ளே போயிருக்கும்.

அன்றிரவு அப்பாவின் தலையணையில் படுத்தேன். இலவம்பஞ்சு, அம்மா தைத்த உறை. பழைய பஞ்சுத் தலையணை என்பது தூசிப் பூச்சிகளின் குடியிருப்பு. கண்ணுக்குத் தெரியாத இந்த உண்ணிகள் நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று, காற்றின் ஈரத்தைக் குடித்து வளர்பவை. அவற்றின் எச்சம்தான் நம் மூக்கைப் பதம் பார்ப்பது. சென்னையின் ஈரக்காற்று அவற்றுக்கு வருஷம் முழுக்க விருந்து. காலையில் எழுந்தபோது இரண்டு கண்ணும் இட்லியாக உப்பியிருந்தன.

ஆகவே, பூட்டிய வீட்டில் முதல் இரவு படுக்காதீர்கள். படுத்தே தீரவேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் தலையணையையாவது புதிதாக வாங்குங்கள். விரிப்பு, உறையெல்லாம் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போட்டால் ஈரம் காய்ந்து பூச்சிக்குப் பிழைப்பு கெடும், நல்லதுதான். ஆனால் அதைத் தட்டுகிற வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள். தரையை விளக்குமாற்றால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். ஒட்டடை அடிக்கிற நாளில் நீங்கள் வீட்டில் இருக்கவே கூடாது. ஏசி இருந்தால் போடுமுன் அதன் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள்.

இப்போது அலுவலகம்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அப்புறம் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறி வட்டாட்சியரிடம் போகும். கணினியிலேயே முடிந்துவிடும் என்று மெல்பர்னில் நண்பர்கள் சொன்னார்கள். விசாரணை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஆள் நேரில் வர வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

முதல் நாள் போகும்போது, கண் வீக்கத்தோடு அதிகாரி முன் நிற்க வேண்டாமே என்று மருந்துக்கடையில் ஒவ்வாமைக்கான செட்டிரிசின் மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். பத்தரை மணிக்கு பெஞ்சில் உட்கார்ந்தேன். மின்விசிறி, ஜன்னலோரம் சிவப்புத் துணியில் கட்டிய கோப்பு மூட்டைகள், எங்கோ தேநீர் ஆற்றும் சத்தம். கண் விழித்தபோது மணி ஒன்றே கால். பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்களாம். அதிகாரி கள ஆய்வுக்குப் போய்விட்டார். பக்கத்திலிருந்த அம்மா, "நல்லாத் தூங்கினீங்க சார், எழுப்ப மனசு வரல" என்றார்.

செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், எனக்கு மயக்கமே தரும். தூக்கம் குறைந்த ஃபெக்சோஃபெனாடின் போன்றதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, பழகிய மருந்தாகக் கையோடு கொண்டுபோங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே உங்களுக்குப் பழக்கம் என்றால் பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். இறங்கிய பிறகு அடித்தால் உடனே கேட்காது. 'இயற்கை வழி' பற்றி எழுத உட்கார்ந்தவன் மாத்திரையைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலரை விட்டுவிட்டுக் கஷாயத்தை நம்பிப் போகக் கூடாது. அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் மாத்திரை இல்லாமல் போனேன். விழித்திருந்தேன். என் எதிரிலேயே உதவியாளர் ஒருவர் ஏதோ பழைய பதிவேட்டைத் தேடி மூன்று மூட்டைகளை அவிழ்த்து மேஜையில் தொப்பென்று போட்டார். வெயில் கீற்றில் தூசி மெதுவாக இறங்கி வந்ததை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே நிமிஷத்தில் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து அதிகாரி கேட்டார்: "அப்பா தவறினப்ப நீங்க இங்க இருந்தீங்களா?"

"இல்ல சார். மூணாம் நாள்தான் வந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி, "அழாதீங்க சார். வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு இதுதான்..." என்றார். பெஞ்சிலிருந்த இரண்டு பேர் எழுந்து வந்து நின்றார்கள். ஒருவர் தோளில் கை வைத்தார். இது தூசி என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் காரியத்தில் எனக்கு அழுகை வரவில்லை என்பதை அத்தை இன்னும் மறக்கவில்லை.

இறப்புச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததால் அன்றும் வேலை முடியவில்லை. இதற்குள் போகி வந்துவிட்டது.

போகிக்கு முந்தைய இரவே ஊரைவிட்டு விலகுங்கள், முடியாவிட்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடங்கள். பாயும் துணியும் மட்டும் எரிந்த காலத்தில் நானும் தெருமுனையில் மேளம் தட்டியவன்தான். டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீர்கள் என்று வருஷாவருஷம் சொல்கிறார்கள், மாநகராட்சி வண்டி அனுப்பிப் பழைய பொருளை வாங்கிக்கொள்கிறது, ஆனாலும் விடியற்காலை மார்கழிப் பனியோடு புகை தரையை ஒட்டியே நிற்கிறது. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் இறங்க முடியாமல் விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். உங்கள் மூக்கு எம்மாத்திரம். கூடவே ஒன்று: பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று அடுத்தடுத்து அலுவலகம் விடுமுறை. இதைக் கணக்கில் எடுக்காமல் டிக்கெட் போட்டது என் புத்திசாலித்தனம்.

அந்த விடுமுறை நாட்களில்தான் அத்தை என்னைக் கையில் எடுத்தாள். "அங்க போயி உடம்ப கெடுத்துக்கிட்டு வந்துட்ட. உனக்கு நான் சரி பண்றேன், உக்காரு." கீரைக்காரம்மாவிடம் சொல்லிவைத்து வாங்கிய நொச்சி இலை, ஒரு கைப்பிடி மஞ்சள், அகலப் பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர். மேலே போர்த்த, பெட்டியிலிருந்து ஒரு கம்பளி. அந்தக் கம்பளியில் அந்துருண்டை வாசம், பத்து வருஷத் தூசி. ஒரு பக்கம் நொச்சி மூக்கைத் திறக்க, மறுபக்கம் கம்பளி அடைக்க, உள்ளே உட்கார்ந்து பதினேழு தும்மல் போட்டேன். வெளியே அத்தை, "அப்படித்தான், எல்லாம் வெளிய வரட்டும்" என்றாள்.

ஆவி பிடிப்பது அடைப்பைத் தளர்த்தும், ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும். ஒவ்வாமையை நிறுத்தாது. துவைத்த துண்டால் போர்த்திக்கொள்ளுங்கள். பாத்திரத்தைத் தரையில் வைத்து, குழந்தைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள், கவிழ்ந்தால் வெந்துவிடும். மிளகும் மஞ்சளும் போட்ட பால் தொண்டைக்கு இதம். 'உள்ளூர்த் தேன் தினம் ஒரு ஸ்பூன், மகரந்தம் உடம்புக்குப் பழகிவிடும்' என்று எல்லா உறவுக்காரர்களும் சொல்வார்கள். தேனீ எடுப்பது பூவின் கனத்த மகரந்தம். நம்மைப் படுத்துவது பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல், மர மகரந்தம். தேன் தித்திக்கும், அவ்வளவே. சாம்பிராணியும் கொசுவத்தியும் எனக்குப் பகை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை தூபக்காலை எடுத்தால் காய் வாங்குகிறேன் என்று கிளம்பிவிடுவேன்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது உப்புத்தண்ணீரில் மூக்குக் கழுவுவதுதான். யோகா வகுப்பில் ஜலநேதி என்பார்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்குக் கால் ஸ்பூன் உப்பு, அயோடின் சேர்க்காதது. மூக்கில் ஒட்டிய தூசியும் மகரந்தமும் கழுவிக்கொண்டு போகும். வெளியே போய் வந்ததும் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் சோம்பல் கூடாது: குழாய்த் தண்ணீரும் வேண்டாம், கேன் தண்ணீரும் அப்படியே வேண்டாம். நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்ததுதான். மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. 2024இல் கேரளத்தில் குளம், ஆறு என்று குளித்த பிள்ளைகள் இறந்தது நினைவிருக்கட்டும். மூக்கில் தண்ணீர் விடும் செம்பை ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவையுங்கள்.

சித்த மருத்துவத்தில் இதைப் பீனிசம் என்பார்கள். பார்க்க வேண்டுமானால் தாம்பரம் சானடோரியத்தில் 2005இலிருந்து நடக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. முறையாகப் படித்தவரிடம் போங்கள், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைச் சொல்லுங்கள். பூங்கா நகர் ராசப்ப செட்டி தெருவின் நாட்டு மருந்துக் கடைகளுக்கு, பொடி பறக்கும் அந்த இடத்துக்கு, மூக்கைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். ஆள் அனுப்புங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மூன்றாவது தடவையாக அலுவலகம் போனேன். மூக்கைக் கழுவி, முகமூடி போட்டு. எழுத்துப் பிழைக்கான தாள் சேர்ந்துவிட்டது, அக்கா கோயம்புத்தூரிலிருந்து ஒப்புதலும் அனுப்பிவிட்டாள். அதிகாரி விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். நான் தும்மினேன். ஒரே ஒரு தும்மல்.

பேனா நின்றது. "ஒத்தைத் தும்மல் சார். கொஞ்சம் உக்காருங்க."

நான்கு வாரமாக நூற்றுக்கணக்கில் தும்மியவனுக்கு இரண்டாவது தும்மல் வரவில்லை. ஜன்னல் வெயிலைப் பார்த்தேன், மூக்கு நுனியைத் தேய்த்தேன், முகமூடியைக் கழற்றிக் கோப்பு மூட்டைப் பக்கமே நாற்காலியை நகர்த்திக்கொண்டேன். பதினைந்து நிமிஷம். உதவியாளர் இரக்கப்பட்டு ஒரு மூட்டையை லேசாகத் தட்டினார். அச்! "நூறு வயசு" என்று சொல்லி அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அத்தை செய்தித்தாளில் சுற்றிய நொச்சிக் கொத்து ஒன்றைப் பையில் திணித்தாள். ஆஸ்திரேலியாவில் செடி, இலை, விதை எதையும் அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம். அறிவித்தால் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். நான் அட்டையில் 'ஆம்' என்று குறித்தேன். மெல்பர்ன் விமான நிலையத்தில் பெண் அதிகாரி ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து, "நல்ல வாசம்" என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் செய்தாள். "நொச்சி போட்டுப் பிடிச்சியாடா?"

"பிடிச்சேன் அத்தை. இப்ப பரவாயில்ல."