627001: நெல்லை பின்கோடைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது எப்படி?

திருநெல்வேலியின் பின்கோடு 627001. ஒற்றைப்படை எண், கடைசி இலக்கம் 1; பார்த்ததும் பகா எண் என்றே தோன்றும். ஆனால் இது பகு எண். தாளும் பேனாவும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். 791 × 791 = 625681, 792 × 792 = 627264. இரண்டு காரணிகளுமே 792-க்குக் குறையாமல் இருந்தால் பெருக்கல் நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே பகு எண் என்றால் 791-க்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீரும். அதுவரை 138 பகா எண்கள் உள்ளன. பயப்பட வேண்டாம், சிலவற்றை வகுக்காமலே கழித்துவிடலாம்.

பக்கத்து எண்ணைப் பாருங்கள். 627 = 3 × 11 × 19. எனவே 627000-ஐ 2, 3, 5, 11, 19 எல்லாம் மீதியின்றி வகுக்கும்; 627001-ல் மீதி 1 வரும். ஐந்தும் ஒரே வீச்சில் போயிற்று. அழகான குறுக்குவழி இது. எந்தப் பெரிய எண்ணைத் தொட்டாலும் முதலில் அதன் அண்டை எண்ணைப் பிரித்துப் பாருங்கள்.

7-க்கும் 13-க்கும் 1001 = 7 × 11 × 13 என்பது உதவும். எண்ணை மூன்று மூன்று இலக்கமாக வெட்டிக் கழியுங்கள்: 627 − 001 = 626. இதை 7 வகுத்தால் மீதி 3, 13 வகுத்தால் மீதி 2. இரண்டும் காரணி அல்ல.

இனி நேரடி வகுத்தல்தான். சரிபார்க்க மீதிகள்: 17-க்கு 7, 23-க்கு 21, 29-க்கு 21, 31-க்கு 26, 37-க்கு 36, 41-க்கு 29, 43-க்கு 18, 47-க்கு 21, 53-க்கு 11, 59-க்கு 8, 61-க்கு 43, 67-க்கு 15. அடுத்து 71: மீதி 0. 627001 = 71 × 8831. பலர் 50-ஐத் தாண்டியதும் அலுத்துப்போய் "பகா எண்" என்று எழுதிவிடுகிறார்கள். எல்லை வரை போகாமல் அப்படிச் சொல்லவே கூடாது.

8831-க்கு மறுபடி 2-லிருந்து தொடங்காதீர்கள். 71-க்குக் கீழுள்ள பகா எண் எதுவும் 627001-ஐ வகுக்கவில்லை. அதன் காரணியை மட்டும் எப்படி வகுக்கும்? 94 × 94 = 8836 என்பதால் புதிய எல்லை 93. மிஞ்சுவது 71, 73, 79, 83, 89 மட்டுமே. 71-ஐ விட்டுவிடாதீர்கள், ஒரே காரணி இருமுறையும் வரலாம். மீதிகள் முறையே 27, 71, 62, 33, 20. ஆக, 8831 பகா எண்.

மற்ற பண்புகள் இப்போது தாமே வந்துவிடும். வகுஎண்கள் நான்கு: 1, 71, 8831, 627001. அவற்றின் கூடுதல் (1 + 71) × (1 + 8831) = 635904. 1 முதல் 627001 வரை இந்த எண்ணோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை 70 × 8830 = 618100.

பயிற்சிக்குச் சங்கரன்கோவில் 627756. கடைசி இரு இலக்கம் 56, ஆகவே 4 போகும். இலக்கக் கூடுதல் 33, ஆகவே 3 போகும். மிஞ்சுவது 52313. இதற்கு எல்லை 228, பழைய 791 அல்ல. விடை: 52313 பகா எண்.