கூட எழுந்து நில்லுங்கள், கூடவே கை நீட்டாதீர்கள்

கல்லூரி முடித்த புதிதில் கூட்டாளி ஒருவனின் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கடலோர ஊர், கத்தோலிக்கக் கோயில். எங்கள் குமரிப் பக்கத்தில் அதையும் கோயில் என்றுதான் சொல்வோம், அங்கே நடப்பதையும் பூசை என்றுதான் சொல்வோம். என் குழப்பத்தில் பாதி அந்தப் பெயர்களாலேயே வந்தது. பூசையின் கடைசிப் பக்கத்தில் எல்லாரும் வரிசையாக முன்னால் போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காதே என்று நானும் போனேன். சாமியார் பப்படத்தைவிட மெல்லிசாக, வெள்ளையாக, வட்டமாக ஒன்றை உயர்த்திக் காட்டி ஏதோ சொன்னார். சுசீந்திரம் கோயிலில் போற்றி, அதாவது அர்ச்சகர், தரும் சந்தனத்தை வாங்குகிற மாதிரி பயபக்தியோடு வாங்கி, வீட்டில் அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

நாலு எட்டு வைத்திருப்பேன். தோளில் ஒரு கை விழுந்தது. கோயில்பிள்ளை, அதாவது கோயில் வேலைகளைப் பார்க்கிறவர், வயதானவர். "மக்களே, அத உண்ணலியா?" என்றார், பக்கத்திலிருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில். பையிலிருந்து எடுத்தபோது அதோடு பஸ் டிக்கெட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. என்னைச் சாமியாரிடம் கூட்டிப்போனார். சாமியார் அதை வாங்கித் தானே உட்கொண்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்தவருக்குத் திரும்பினார்.

அது பிரசாதம் அல்ல. கத்தோலிக்கருக்கு அந்த அப்பம் இயேசுவின் உடல். ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை என்கிற முதல் நற்கருணையும் வாங்கிய கத்தோலிக்கர்தான் இந்த அப்பத்தை, அதாவது நற்கருணையை, வாங்க வருவார்கள். வாங்கியவர் அங்கேயே உட்கொள்ள வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே புதுநன்மை ஆகும்வரை பெஞ்சில்தான் இருக்கும். ஆகவே நீங்கள் உட்கார்ந்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெஞ்சில் ஓரமாக இருந்தால் காலை மடக்கி மற்றவர்களுக்கு வழி விடுங்கள், போதும். சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைகளில் இதேபோல அப்பம் வாங்கும் திருவிருந்து நாளிலும் வெளியார் இப்படி இருந்துகொள்வதே நல்லது.

இத்தனை வருஷத்தில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். மரியாதை இல்லாமல் செய்தவை குறைவு; மரியாதை கூடிப்போய்ச் செய்தவையே அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் இந்துக்கள் நூற்றுக்குச் சுமார் 49, கிறிஸ்தவர்கள் 47, முஸ்லிம்கள் 4. பக்கத்து வீட்டுக் கல்யாணமும் கோயில் கொடைவிழாவும் நோன்புத் திறப்பும் நம்மைத் தவறாமல் இன்னொருவர் வழிபாட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். நின்ற இடத்தில் எல்லாம் செய்துவிடத் துடிக்கிறோம்.

எழுந்து நிற்பது பொது. எல்லாரும் எழும்பும்போது நீங்களும் எழும்பலாம், அது சபை மரியாதை. முழங்கால் போடுவது, சிலுவை அடையாளம் போடுவது, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்வது, நெற்றியில் இட்டுக்கொள்வது எல்லாம் நம்பிக்கை உள்ளவர் செய்வது. அவற்றை நகல் எடுக்க வேண்டாம். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தில் மணி அடித்து எல்லாரும் முழங்கால் போடுகிறபோது, நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் குற்றமில்லை. அந்த நேரம் பார்த்து எழும்பி வெளியே போவதுதான் குற்றம்.

பள்ளிவாசலிலும் இதே கதைதான். நிக்காஹ்வுக்குப் போனால் பின்பக்கம் சுவரோரமாக உட்காருங்கள். தொழுகை தொடங்கினால் அணிக்குள் போய் நிற்க வேண்டாம். முக்கியமாக, தொழுதுகொண்டிருப்பவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். செருப்பை எடுக்கிற அவசரத்தில் இதைச் செய்யாத ஆளே இல்லை. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் செருப்புச் சேற்றைக் கழுவுவதும் கூடாது. நோன்புத் திறப்புக்கு அழைத்திருந்தால் பாங்கு சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். எதிரே பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத மனிதர் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நீங்கள் வடையைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

தர்காவையும் பள்ளிவாசலையும் ஒன்றாக நினைக்கிறவர்களும் உண்டு. தக்கலையில் சூஃபிப் புலவர் பீரப்பா அடங்கியிருக்கும் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போவார்கள். ஆண்டுவிழாவில் அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுக்க உட்கார்ந்து பாடுவார்கள். அது கச்சேரி அல்ல. பாட்டு நன்றாக இருக்கிறதென்று நடுவில் கை தட்டிவிடாதீர்கள்.

உடை விஷயத்துக்கு வருவோம், இது கொஞ்சம் நீளும். சுசீந்திரம், கன்னியாகுமரி பகவதி, திருவட்டாறு ஆதிகேசவன் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வெளியூர்க்காரர்கள் கூச்சத்தில் துண்டால் போர்த்திக்கொண்டு சன்னதி முன்னால் நிற்பார்கள். துண்டு இடுப்புக்குப் போகட்டும். அய்யா வழிக்காரர்களின் கோயிலான சுவாமித்தோப்புப் பதியில் சட்டையைக் கழற்றுவதோடு தலைப்பாகையும் கட்ட வேண்டும். கோயிலுக்குள் தலைத்துண்டை அவிழ்த்தே பழகியவருக்கு இது தலைகீழ். திருவிதாங்கூர் ஆட்சியில் தலையில் துண்டு கட்டவே உரிமையில்லாதிருந்த ஜனங்களிடம், கட்டிக்கொண்டு வா என்றவர் அய்யா வைகுண்டர். 1859-இல் ஆணை வரும்வரை பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலைக்காகப் போராடிய மண் இது; 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனம்வரை பாதிப்பேருக்குக் கோயில் வாசலே அடைத்துக்கிடந்தது. இங்கே துணியைப் பற்றி யாராவது ஒன்று சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு இருக்கும். பதியில் நின்று "எனக்கு வேர்க்குது" என்று தலைப்பாகையை அவிழ்ப்பவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பதிக்குள் இன்னொரு தவறு, "சாமி எங்கே இருக்கு?" என்று சத்தமாகக் கேட்பது. விளக்கும் அதன் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியும்தான் இருக்கும். அதில் தெரிவது உங்கள் முகம். சிலை இல்லையே என்று தேட வேண்டாம், அந்தக் கண்ணாடி முன்னால் தலைமுடியைச் சரிசெய்யவும் வேண்டாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

போற்றி சந்தனத்தைக் கையில் தொடாமல் இலைத்துண்டில் வைத்துப் போடுவார். "என்னைத் தீண்டத்தகாதவன் மாதிரி நடத்தினார்" என்று ஒரு கிறிஸ்தவ நண்பர் வருத்தப்பட்டார். எனக்கும் அப்படித்தான் போடுவார், என் அப்பாவுக்கும் அப்படித்தான். அந்த வழக்கத்தைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. ஆனால் அது உங்கள் மதத்தைப் பார்த்து நடந்ததில்லை. சில கோயில்களில் எதுவரை வரலாம் என்று பலகை இருக்கும். இருந்தால் அங்கேயே நில்லுங்கள், கூட வந்தவர் "வா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று இழுத்தாலும்.

பிரசாதம் வேண்டாமென்றால் என்ன செய்வது? இதில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். வாங்கிக்கொண்டு, பிராகாரத் தூணில் சந்தனத்தைத் தேய்த்துவிட்டு, பாயசத்தை மதிலோரம் வைத்துவிட்டுப் போகிறவர்களைவிட, நெஞ்சில் கைவைத்து "இருக்கட்டும், நல்லது" என்று சொல்லிவிடுகிறவர் எவ்வளவோ மேல். கூட்டிப்போகிறவர்களும் திணிக்கக் கூடாது. என் அத்தை ஒரு பெந்தெகோஸ்தே பெண்ணிடம் அரவணைப் பாயசத்தை நீட்டிக்கொண்டே நின்றாள். அந்தப் பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அத்தை செய்தது அன்புதான், ஆனாலும் தவறு.

போன் பற்றிச் சுருக்கமாக: அணைத்துவிடுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தேருக்குப் பின்னால் ரோட்டில் விழுந்து எழுந்து கும்பிடு நமஸ்காரம் செய்கிறவர்கள் பலர், எல்லா மதத்தாரும் இருப்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறவர்களை ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறேன். கும்பிடுகிறவர்களோ யாருக்காகவோ, எதற்காகவோ நேர்ந்துகொண்டு விழுகிறார்கள். அது படம் எடுக்கிற காட்சி இல்லை.

செருப்பு எங்கே விடுவது என்று யாரையும் கேட்க வேண்டாம். சில சர்ச்சுகளில் உள்ளே போட்டுக்கொண்டு போவார்கள், சிலவற்றில் கூடாது. வாசலைப் பாருங்கள். செருப்புக் குவியல் இருந்தால் உங்களுடையதையும் அதில் போடுங்கள், ஆனால் படிக்கட்டு நடுவில் வேண்டாம். அந்தக் கல்யாண நாளில் வெளியே வந்தபோது என் செருப்பைக் காணவில்லை. கோயில்பிள்ளைதான் குவியலைக் கிளறி எடுத்துத் தந்தார். "அடுத்த பூசைக்கும் வாங்க மக்களே," என்றார், "ஆனா இருந்துக்கிடணும், கேட்டியளா?"