குவேக்கர் கையெழுத்துப் படிகள்: புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

பென்சில் மட்டும் கொண்டு போங்கள், கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை வாசிப்பறை வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். குவேக்கர்கள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். அமெரிக்கக் குவேக்கர்களின் கடிதங்கள், நாட்குறிப்புகள், கூட்டக் குறிப்பேடுகள் பெருமளவில் பென்சில்வேனியாவின் ஹேவர்ஃபோர்ட், ஸ்வார்த்மோர் கல்லூரிக் காப்பகங்களில் இருக்கின்றன. இண்டியானாவில் எர்ல்ஹாம், வட கரோலினாவில் கில்ஃபோர்ட் கல்லூரிகளிலும் உண்டு. நிறைய பக்கங்கள் ஸ்கேனாகவே கிடைப்பதால், வீட்டில் உட்கார்ந்தபடி படியெடுக்கப் புதியவர்கள் ஆர்வமாக வருகிறார்கள். வந்து, நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த அதே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள்.

மாத எண்ணைப் பெயராக மாற்றுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

ஜனவரி, புதன்கிழமை போன்ற ஆங்கிலப் பெயர்கள் பழைய தெய்வங்களிடமிருந்து வந்தவை என்பதால் குவேக்கர்கள் அவற்றைத் தவிர்த்தார்கள். மாதத்துக்கும் எண், கிழமைக்கும் எண். ஞாயிறு என்றால் முதல் நாள். இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. ஆனால் '2ஆம் மாதம்' என்று கண்ணில் பட்டதும் கை தானாக 'பிப்ரவரி' என்று தட்டிவிடுகிறது. 1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. அதனால் குவேக்கர்களுக்கு முதல் மாதம் மார்ச், இரண்டாவது ஏப்ரல், பன்னிரண்டாவது பிப்ரவரி. சித்திரையில் வருடம் பிறக்கும் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபட வேண்டும், ஆனால் நம்மவர்களும் ஜனவரியிலிருந்தே எண்ண ஆரம்பிக்கிறார்கள்.

ஹேவர்ஃபோர்டில் ஒரு தாள் இருக்கிறது. அடிமை முறை கூடாது என்று பிலடெல்பியாவை ஒட்டிய ஜெர்மன்டவுன் குடியிருப்பின் குவேக்கர்கள் 1688இல் எழுதிய விண்ணப்பம். அந்தக் குடியிருப்பை நிறுவிய பாஸ்டோரியஸ் உட்பட நான்கு பேர் கையெழுத்திட்டது. நெடுங்காலம் கண்ணில் படாமல் கிடந்து, 2005இல் பிலடெல்பியா ஆர்ச் தெருக் கூட்ட இல்லத்தின் காப்பறையில் மறுபடி கிடைத்தது. அதில் உள்ள தேதி 2ஆம் மாதம் 18. இதைப் பிப்ரவரி 18 என்று போட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். அது தவறு என்பதற்கான சாட்சி அந்தத் தாளிலேயே கீழே இருக்கிறது. விண்ணப்பத்தை முதலில் வாங்கிப் பார்த்த மாதாந்திரக் கூட்டம் (குவேக்கர் சபைகளின் நிர்வாகப் படியில் கீழ்ப்படி; மேலே காலாண்டு, ஆண்டுக் கூட்டங்கள்), விஷயம் மிகக் கனமானது, நாங்கள் இங்கே தலையிடுவதற்கில்லை என்று எழுதி மேலே அனுப்புகிறது. அந்தக் குறிப்பின் தேதி 2ஆம் மாதம் 30. பிப்ரவரியில் ஏது முப்பது? ஏப்ரல் 18இல் எழுதி, ஏப்ரல் 30இல் மாதாந்திரக் கூட்டத்துக்குப் போய், 4ஆம் மாதம் 4, அதாவது ஜூனில், காலாண்டுக் கூட்டத்தில் படிக்கப்பட்டு, 7ஆம் மாதம் 5, அதாவது செப்டம்பரில், பர்லிங்டன் ஆண்டுக் கூட்டத்தை அடைந்து, அங்கே முடிவில்லாமல் நின்றுபோனது. உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் தடை போட்டது 1776இல்.

எல்லாருக்கும் இப்படி ஒரு முப்பதாம் தேதி கைகொடுக்காது. ஒரு குடும்பத்தின் கடிதங்கள் மொத்தத்தையும் ஜனவரியிலிருந்து எண்ணி மாற்றினால், எல்லாமே ஒரே அளவு தள்ளிப் போகும். வரிசை கெடாது, எதுவும் இடிக்காது, தவறு என்றே தெரியாது. வெளியிலிருந்து ஒரு கப்பல் பதிவோ நீதிமன்றத் தாளோ வந்து சேரும்போதுதான் குட்டு உடையும்.

இதைவிட ஆபத்தானவர் பாதி தெரிந்தவர். மார்ச் முதல் மாதம் என்று தெரியும், ஆண்டு எண்ணை மட்டும் தொட மாட்டார். 1702, 3ஆம் மாதம் கல்யாணம்: மே 1702, சரி. 1702, 12ஆம் மாதம் குழந்தை: பிப்ரவரி 1702 என்று எழுதிவிடுவார். நம் கணக்கில் அது பிப்ரவரி 1703. புதிதாக வந்த ஒருவர் இப்படி மாற்றி எழுதி, கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே குழந்தை பிறந்ததாகக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு பக்க விளக்கமும் எழுதி அனுப்பியிருந்தார். நல்ல நடை வேறு. இப்படிப்பட்ட விஷயம் நடந்திருந்தால் கூட்டக் குறிப்பேடு சும்மா விட்டிருக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

1752இல் புதிய நாட்காட்டி வந்தது. செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14, ஜனவரி முதல் மாதம். அந்த ஆண்டைத் தாண்டும் நாட்குறிப்பு என்றால் பாதிப் புத்தகத்துக்கு ஒரு கணக்கு, மீதிக்கு இன்னொன்று. போதாக்குறைக்கு எக்செல். 1688ஐ மனதில் வைத்து '4/4/88' என்று உள்ளிட்டால் அது பாட்டுக்கு 1988 ஆக்கிவிடும்.

தாளில் இருப்பதை இருக்கிறபடியே ஒரு நெடுவரிசையில் எழுத்தாக எழுதுங்கள். மாற்றிய தேதி பக்கத்து நெடுவரிசையில். ஒன்றின் மேல் ஒன்றை எழுதாதீர்கள். ஆண்டு 1702/3 (பழைய கணக்கில் 1702, நம் கணக்கில் 1703) என்று சாய்கோட்டுடன் இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள். அப்புறம், பழைய மார்ச் 1 முதல் 24 வரை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பது எழுதியவரைப் பொறுத்து மாறும். முன்பின் பக்கம் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

எந்தப் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம்?

1827இல் குவேக்கர்கள் ஹிக்ஸைட் (எலியாஸ் ஹிக்ஸ் பக்கம் நின்றவர்கள்), ஆர்த்தடாக்ஸ் (அவரை எதிர்த்தவர்கள்) என்று இரண்டாகப் பிரிந்தார்கள். இரண்டு தரப்பும் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. 1955இல் மறுபடி சேரும்வரை பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் என்ற பெயரில் இரண்டு அமைப்புகள், இரண்டு வரிசைக் குறிப்பேடுகள். ஸ்வார்த்மோர் ஹிக்ஸைட் வழியில் வந்த கல்லூரி, ஹேவர்ஃபோர்ட் ஆர்த்தடாக்ஸ் வழி. உங்கள் ஆள் 1830இல் பட்டியலில் இல்லையென்றால் செத்துவிட்டார் என்று முடிவு கட்டாமல், இன்னொரு கூட்டத்தின் புத்தகத்தையும் திறந்து பாருங்கள்.

ஆண்கள் குறிப்பேட்டோடு நிறுத்திக்கொள்வது

பெண்கள் தனியாகக் கூடினார்கள், தனியாகக் குறிப்பு எழுதினார்கள். கல்யாணத்துக்கு அனுமதி தருமுன் கூட்டம் நடத்தும் விசாரணையின் விவரம் அங்கேயும் இருக்கும்.

அச்சில் வந்ததே போதும் என்று நினைப்பது

அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் போதகர் ஜான் வுல்மன் 1772இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் இறந்தார். அவருடைய நாட்குறிப்பு 1774இல் அச்சானபோது ஒரு குழு பார்த்துத் திருத்தித்தான் வெளியே விட்டது. அவர் கண்ட கனவுகளில் சில அதில் இல்லை. மூத்த குவேக்கர்களின் நாட்குறிப்புகள் பலவும் இப்படிக் குழுவின் கை பட்டு வந்தவைதான். எனவே கைப்பிரதி கிடைக்கும் இடத்தில் அச்சுப் பிரதியை மேற்கோள் காட்டுவது வெறும் சோம்பேறித்தனம்.

உறைக்குள் இருக்கும் வரிசையைக் கலைப்பது

கலைக்காதீர்கள்.

பெட்டி எண் இல்லாமல் படம் எடுப்பது

ஒவ்வொரு கோப்புறையையும் திறக்கும்போது முதல் படம் அதன் மேல் ஒட்டிய சீட்டாக இருக்கட்டும். ஒரே கையெழுத்தில் எழுதிய நானூறு படங்கள் கைபேசியில் கிடக்க, எது எந்தப் பெட்டி என்று காப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டால், அவரும் உங்களைப் போலத்தான் விழிப்பார்.