கண்ணை எடுத்தால் பாம்பு போச்சு

செருப்பை உதறிப் போட வேண்டும், பாம்பைத் துடைப்பத்தால் அடிக்கக் கூடாது, பிள்ளைகளைக் கிட்டே விடக் கூடாது. இதையெல்லாம் மறுபடி எழுதப் போவதில்லை. பினாங்குத் தீவில் மலையடிவாரத்தை ஒட்டி வீடு வாங்கியவருக்கு இது முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டில் சொல்லிக் கொடுக்கப்படும். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், பாயான் லெப்பாஸ் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுவில் போடும் படங்களைப் பார்த்தால், சிக்கல் வேறு இடத்தில் இருப்பது தெரிகிறது. பாம்போ பல்லியோ சிலந்தியோ, எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது, பார்த்தபின் என்ன செய்வது என்பதில்தான் எல்லாரும் வரிசையாக வழுக்குகிறார்கள். தொடக்கத்தில் நாங்களும் வழுக்கிய இடங்கள்தான் இவை.

பார்த்த பாம்பை விட்டுவிட்டு ஓடுவது

இரவு எட்டரை மணி. சமையலறையில் கேஸ் தோங்குக்கு (சிலிண்டருக்கு) பின்னால் ஒரு வால் அசைகிறது. ஒரு அலறல். அடுத்த நிமிடம் பாட்டி முதல் பூனை வரை வீடு முழுக்க வாசலில் நிற்கிறது. யாரோ 999-ஐ அழைக்கிறார்கள். இருபது நிமிடத்தில் பொதுத் தற்காப்புப் படையோ பொம்பாவோ (தீயணைப்புப் படை) வந்து சேர்கிறது. "எங்கே?" என்று கேட்டால், "தாடி ஆடா சினி, பாங்" (சற்று முன் இங்கேதான் இருந்தது, அண்ணே) என்று ஒரு விரல் சமையலறைப் பக்கம் நீள்கிறது. அந்த இருபது நிமிடமும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவரும் இல்லை.

வந்தவர்கள் தோங்கை நகர்த்துகிறார்கள், குளிர்பெட்டியை இழுக்கிறார்கள், டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். அரை மணி நேரம் கழித்து, "மறுபடி பார்த்தால் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இல்லாத பாம்பைப் பிடிக்க முடியாது. மறுநாள்தான் உண்மையான செலவு தொடங்குகிறது. அலமாரியின் அடிப்பலகையைக் கழற்ற ஓர் ஆள், சிலிங் பலகையைப் பிரிக்க இன்னோர் ஆள். மூன்று இரவு பட்டர்வொர்த்தில் பெரியம்மா வீட்டில் படுக்கை. பாம்பு பெரும்பாலும் வந்த ஓட்டை வழியாகவே அன்றிரவு போயிருக்கும். அது போனதைப் பார்த்தவர் இல்லாததால், ஒரு வீட்டையே பிரிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு பிழையைத்தான் எத்தனை முறை பார்த்தாலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரே ஒரு ஆள் நின்றிருந்தால் போதும்.

பாம்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் மறைகிறது? திறந்த தரையில் அதற்கு நிம்மதி இல்லை. உடம்பின் இரண்டு பக்கமும் எதிலாவது உரச வேண்டும். அதனால் சுவரோரமாகவே நகர்ந்து, முதலில் கிடைக்கும் இடுக்கில் நுழைந்துவிடும். தலை நுழைந்த இடத்தில் உடம்பும் நுழையும். பல்லி தின்ன வரும் ஓநாய்ப் பாம்புக்கு ஒரு சென்டிமீட்டர் இடைவெளி தாராளம்.

செய்ய வேண்டியது இதுதான். கண்ணாடி போடும் பழக்கம் உள்ள, பதறாத ஒருவர் அறையின் வாசலில் நிற்கட்டும். நான்கு மீட்டர் தள்ளி நின்றால் நல்லது, ஏனென்றால் இங்குள்ள கருநாகம் விஷத்தை உமிழும், இரண்டு மூன்று மீட்டர் தூரம் எளிதாக எட்டும். அவர் வேலை பார்ப்பது மட்டும். ஃபோன் செய்வது, நாயைக் கட்டுவது, பாட்டியைச் சமாதானப்படுத்துவது எல்லாம் மற்றவர் வேலை. அந்த அறையின் விளக்கு எரியட்டும். மற்ற அறைகளின் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத் துண்டைத் திணியுங்கள். வெளியே போகும் கதவு அந்த அறையிலேயே இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். பாதிப் பாம்புகள் பொம்பா வருவதற்கு முன்பே அப்படித்தான் போகின்றன. போவதைப் பார்த்தாலே போதும், அதுவும் வெற்றிதான்.

நிற்பவர் களைத்தால் ஆள் மாறலாம். ஆனால் புதியவர் தன் கண்ணால் பாம்பைப் பார்த்து, "பார்த்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே பழையவர் திரும்ப வேண்டும். சின்ன விஷயமாகத் தோன்றும். கைமாறும் அந்த இரண்டு நொடியில்தான் பாதிப் பாம்பு தொலைகிறது.

பூச்சி மருந்தை அடிப்பவர்களும் இருக்கிறார்கள். கரப்பானுக்கு அடிக்கும் மருந்து பாம்பை அங்கேயே கொல்லாது. எரிச்சலில் துள்ளி, நீங்கள் எதிர்பார்க்காத பக்கம் ஓடும். நிற்பவரின் உழைப்பெல்லாம் வீண்.

ஏற்கனவே தொலைத்துவிட்டீர்களா? கோதுமை மாவையோ டால்கம் பவுடரையோ எடுத்து, ஒவ்வொரு கதவு நிலையிலும் ஒரு கை அகலத்துக்கு மெல்லிய பூச்சாகத் தூவுங்கள். குவியலாகக் கொட்டினால் தடம் தெரியாது. காலையில் வளைந்த ஒற்றைக் கோடு தெரிந்தால், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனது என்று புரிந்துவிடும். நடுவில் வால் இழுத்த கோடும் இரு பக்கம் சின்னக் கால் தடமும் இருந்தால் அது பல்லியோ அரணையோ. தேடும்போது குளிர்பெட்டியின் பின்புறத்திலிருந்து தொடங்குங்கள், மோட்டார்ச் சூடு இருக்கும் இடம் அது. பிறகு சலவை இயந்திரத்தின் அடி, செருப்பு அலமாரி, தரையைத் தொடும் திரைச்சீலையின் மடிப்பு, சாமி மேடைக்குக் கீழே எண்ணெய் டின்னும் பழைய துணியும் அடைத்து வைத்திருக்கும் அந்த இருட்டு. கையை விடாதீர்கள். டார்ச் முதலில், நீளக் கம்பு அடுத்து.

பட்டையைப் பார்த்து முடிவு கட்டுவது

உடம்பில் வளையம் வளையமாகப் பட்டை இருந்தால் ஒரு சாரார் "கட்டுவிரியன்!" என்று அடிக்கிறார்கள். இன்னொரு சாரார் இணையத்தில் கொஞ்சம் படித்துவிட்டு, "இது விஷமில்லாத ஓநாய்ப் பாம்புதான்" என்று கையில் தூக்குகிறார்கள். இரண்டாவது ஆளைப் பார்த்துத்தான் எங்களுக்கு அதிகப் பயம். பட்டை போட்ட ஓநாய்ப் பாம்பு, மலாயாக் கட்டுவிரியனைப் போலவே தோற்றம் கொண்டது. அந்த வேடம்தான் அதற்குப் பாதுகாப்பு. இரண்டையும் உறுதியாகப் பிரிப்பது முதுகின் நடுவரிசைச் செதில். கட்டுவிரியனுக்கு அது மற்றதைவிடப் பெரிதாக, ஆறு கோணமாக இருக்கும். அதைப் பார்க்க மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். கட்டுவிரியன் கடி பெரிதாக வலிக்காது, வீங்கவும் வீங்காது. "ஒண்ணுமில்லை" என்று படுத்தவரின் மூச்சுத் தசைகள் தூக்கத்திலேயே செயலிழக்கலாம்.

ஆகவே தள்ளி நின்று ஸூம் செய்து மூன்று படம்: தலை, முதுகு, முழு உடம்பு. அடையாளம் சொல்பவருக்கு அது போதும். தெரியாத பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், அந்த உறுப்பை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை. நாகத்தின் விஷம் கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு, பிறகு மருத்துவமனை.

பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பச்சை நிறப் பாம்புகள் அசையாமல் கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அசையாமல் காத்திருப்பதுதான் அந்தக் குழிவிரியனின் வேட்டை முறை. ஒரே கிளையில் நாள்கணக்கில் கிடக்கும். உங்கள் ரம்புத்தான் மரத்தில் இருப்பதற்கும் அதே விஷம்தான்.

டார்ச்சை இடுப்பில் பிடிப்பது

இரவில் தோட்டத்தில் சிலந்தி தேடுபவர்கள் பத்தில் ஒன்பது பேர் டார்ச்சை இடுப்பருகே பிடித்து, "ஒண்ணுமே இல்லையே" என்கிறார்கள். ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே திரும்பும். டார்ச் இடுப்பில் இருந்தால் மின்னல் இடுப்புக்குத்தான் போகும், கண்ணுக்கு வராது. டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டி, கண் மட்டத்தில் பிடியுங்கள். தலையில் மாட்டும் விளக்கு இன்னும் நல்லது. அதே புல்வெளியில் திடீரென்று டஜன் கணக்கில் பச்சை நீலப் புள்ளிகள் தெரியும். பனித்துளியும் மின்னும், ஆனால் நீங்கள் ஓரடி நகர்ந்தால் அது நிறம் மாறும், அணையும். சிலந்திக் கண் நிலையாக நிற்கும்.

மிகப் பிரகாசமான டார்ச் வேண்டாம். ஈரத் தரை பளபளத்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். குதிக்கும் சிலந்திக்கு இப்படிக் கண் மின்னாது. சின்ன வயதில் தீப்பெட்டியில் வளர்த்துச் சண்டை விட்டோமே, அந்த வகைதான். அதைப் பகலில், இலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்தில் தேடுங்கள்.

பாம்புக்கும் கண் மின்னலை நம்ப வேண்டாம். பகலில் திரியும் மரப் பாம்புகள் இரவில் மெல்லிய கிளை நுனியில் சுருண்டு தூங்கும். கீழிருந்து ஒளி அடித்தால் வெளிறிய வயிறு கயிறுபோலத் தெரியும். கண் தேட வேண்டியது அந்த வடிவத்தைத்தான்.

மேலே பார்க்க மறப்பது

பறக்கும் பாம்பு செங்குத்துச் சுவரில் ஏறும். வாகனம் நிறுத்துமிடத்தின் கூரையில் பல்லியைத் துரத்திக்கொண்டு வந்து விழுவது பெரும்பாலும் அதுதான். மலைப்பாம்பு எலியைத் தேடிக் கூரைக்குள் போகும். தரையை மட்டும் தேடிவிட்டுப் படுக்கப் போகாதீர்கள்.

முட்டை

சன்னல் தண்டவாளத்தில் பட்டாணி அளவில் இரண்டு வெள்ளை முட்டை, ஓடு கெட்டி: பல்லி. பாம்பு முட்டை நீளமாக, தோல்போல மெத்தென்று, பல ஒன்றாக ஒட்டியிருக்கும்.

சட்டையை ஆளென்று நினைப்பது

பாம்புச் சட்டை பாம்பைவிட நீளம், உரியும்போது இழுபட்டுவிடும். இரண்டு மீட்டர்ச் சட்டை கிடந்தால் பாம்பு அதைவிடக் குட்டை. அது அங்கே வந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி, இன்னும் இருக்கிறது என்பதற்கு இல்லை. சிலந்தியும் சட்டை உரிக்கும். எட்டுக் காலோடு அலமாரி மூலையில் அசையாமல் இருப்பதற்கு அரை டின் மருந்து அடித்தவர்களைத் தெரியும். ஊதிப் பாருங்கள். வெற்றுக் கூடு என்றால் பறந்துவிடும்.

வலை இல்லாத பெரிய சிலந்தி

உள்ளங்கை அளவில் குளியலறைச் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருப்பது வேட்டைச் சிலந்தி. வலை பின்னாது, கரப்பான் தின்னும். அடிக்கும் முன் வயிற்றடியைப் பாருங்கள். தட்டையான வெள்ளை வில்லை ஒன்றைச் சுமந்தால் அது முட்டைப் பை. செருப்படி ஒன்று விழுந்தால், பொரியும் தறுவாயில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் சுவரெங்கும் சிதறும். தாப்பாவ் (பார்சல் சாப்பாட்டு) பெட்டியால் மூடி, அடியில் கெட்டி அட்டையைச் செருகி, வெளியே விடுங்கள். காபிக் குவளை போதாது, கால் நசுங்கும்.

அரணை

கடித்தாலும் மரணம் இல்லை. அதற்கு விஷமே கிடையாது.

மழைக்குப் பின் குளியலறையில் "புழு"

பதினைந்து சென்டிமீட்டர், கறுத்துப் பளபளப்பு, மண்புழுவின் வளையக் கோடுகள் இல்லை, நாக்கு நீட்டுகிறது: புழுப் பாம்பு. எறும்பு முட்டையும் கறையானும் தின்னும். எல்லாமே பெண், ஆணில்லாமலே இனம் பெருக்கும், பூந்தொட்டி மண்ணோடு ஊர் ஊராகப் பயணம் செய்யும். உப்பைக் கொட்டாமல் அள்ளித் தோட்டத்தில் விடுங்கள்.

மண்மேட்டைக் கிளறுவது

மலைப்பாதை மண்சுவரில் ஒரு பொத்தான் அளவு கதவும், அதைச் சுற்றிச் சில பட்டு நூல்களும் விரிந்து கிடந்தால் கதவுச் சிலந்தி. அதன் பேரினமான லிஃபிஸ்டியஸில் முதன்முதலில், 1849-இல், விவரிக்கப்பட்ட இனம் பினாங்கிலிருந்து போனது. கத்தியால் கதவைத் திறந்து படம் எடுப்பவர்கள் வருகிறார்கள். இரவில் போனால் அது தானே கதவோரம் வந்து உட்கார்ந்திருக்கும்.

லோங்காங்கில் (சாக்கடையில்) உடும்பை மறிப்பது

வழி விட்டால் போய்விடும். மறித்தால் வாலால் அடிக்கும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் மலைப்பாம்புக்கும் உண்டு.

பசைப் பலகையும் பெலாராங்கும்

எலிக்கு வைத்த பசைப் பலகையில் முதலில் ஒட்டுவது பல்லி. ஒட்டிய பல்லியைத் தின்ன வருவது ஓநாய்ப் பாம்பு. இப்போது இரண்டும் உங்கள் அடுப்படியில். விடுவிக்க, நீளக் கைப்பிடியால் பலகையை வெளியே இழுத்து, சமையல் எண்ணெயை உடம்பு பசையோடு சேரும் விளிம்பில் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். பிய்த்தால் தோல் வந்துவிடும். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் ஊற்றவே போகாதீர்கள், 999.

பெலாராங் (கந்தகம்) கட்டிகளை வீட்டைச் சுற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது அடுத்தது. பாம்பு அதைத் தாண்டிப் போகும், மழை அதை அடித்துக்கொண்டு போகும். அந்தக் காசுக்குப் பின்கதவின் அடியில் ரப்பர் பட்டையும், குளியலறை வடிகால் வாய்க்கு ஆறு மில்லிமீட்டர்க் கம்பி வலையும் வாங்கலாம். வலையைத் திருகாணி போட்டு இறுக்குங்கள். சும்மா வைத்தால் எலியே தள்ளிவிடும்.